வாரத்தில் மூன்று நாள் குருவானவர்

இங்கிலாந்துத் திருச்சபையின் கிராமப்புற ஆலயமொன்றில் குருவானவரின் இடம் காலியாகும்போது வெளியாகும் அறிவிப்புகளில், கடந்த சில பத்தாண்டுகளாக 'ஹவுஸ் ஃபார் டியூட்டி' என்னும் சொற்றொடர் அடிக்கடி இடம்பெற்றுவருகிறது. ஊழியத்துக்கு ஈடாக வீடு என்பது அதன் பொருள். இந்த ஏற்பாட்டின்படி வருகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஊரிலுள்ள குருமனையில் அவர் வாடகையின்றிக் குடியிருக்கலாம், ஊழியத்துக்காகச் செய்யும் செலவுகளைச் சபை திருப்பித் தரும், அதற்கு ஈடாக அவர் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையையும் வாரத்தின் வேறு இரண்டு நாள்களையும் பங்குக்குத் தர வேண்டும். ஓய்வு பெற்ற அல்லது ஓய்வை நெருங்கிவிட்ட குருமாரும், வேறு வருமானமுள்ள குருமாரும் இத்தகைய பணிகளுக்கு வருகிறார்கள். பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலை என்னும் வேறொரு வகையும் உண்டெனினும், சிற்றூர்களின் நிலைமையை உள்ளபடி காட்டுவது சம்பளமற்ற இந்த முதல் வகையே. ஞாயிறும் இரண்டு நாள்களும் என்னும் இந்தக் கணக்கு எதை அளக்கிறது என்ற கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றால், குருத்துவம் என்பது செய்யப்படும் வேலைகளின் தொகுப்பா அல்லது ஓர் ஊரில் வாழப்படும் வாழ்க்கையா என்ற மிகப் பழைய வழக்குக்குள் சென்று சேர நேரிடுகிறது.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ள, 'பாரிஷ்' எனப்படும் பங்கு என்றால் என்னவென்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிற நாடுகள் பலவற்றில் சபை என்ற சொல் ஆலயத்துக்கு வருகிற, காணிக்கை தருகிற, பெயர்ப் பதிவேட்டில் இருக்கிற உறுப்பினர்களைக் குறிக்கும். இங்கிலாந்தில் பங்கு என்பது முதலில் ஒரு நிலப்பரப்பு. ஓடையும் வேலியும் பழைய பாதைகளும் எல்லைகளாக அமைந்த அந்தப் பரப்புக்குள் குடியிருக்கும் ஒவ்வொருவரும், நம்பிக்கை உடையவராயினும் இல்லாதவராயினும், பங்குமக்களே. தம் பங்கு ஆலயத்தில் திருமணம் செய்துகொள்ளவும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்கவும், கல்லறைத் தோட்டத்தில் இடமிருக்கும்வரை அங்கே அடக்கம் செய்யப்படவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆலயப் பொருள்களுக்குச் சட்டப்படி பொறுப்பாளிகளான சர்ச் வார்டன்கள் என்னும் கோயில் காப்பாளர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், ஆலயத்துக்குள் ஒருநாளும் நுழையாதவர்கூட, அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயரிருந்தால், வாக்களிக்கலாம். இப்படிப்பட்ட பங்குகள் சுமார் 12,500 உள்ளன. ஆலயக் கட்டடங்கள் சுமார் 16,000. குருவானவரின் கடமையைக் குறிக்கச் சட்டம் பயன்படுத்தும் தொடர் 'க்யூர் ஆஃப் சோல்ஸ்', அதாவது ஆன்மாக்களைப் பேணும் பொறுப்பு. அது அந்த எல்லைக்குள் மூச்சுவிடும் அனைவரையும் உள்ளடக்கிய பொறுப்பு என்பதால், மணிக்கணக்கில் அதை வகுத்துக் காட்டும் வழியைப் பழைய சட்டம் யோசிக்கவே இல்லை.

பணியின் பெயரிலேயே இந்த உண்மை பதிந்திருக்கிறது. குருவானவரின் பதவிக்கும் அதனோடு சேர்ந்த வருவாய்க்கும் வழங்கிய சட்டச் சொல் 'பெனிஃபிஸ்' என்றாலும், ஊரார் அதை 'லிவிங்' என்றே சொன்னார்கள். பிழைப்பு என்றும் வாழ்வு என்றும் இருபொருள் தரும் சொல் அது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் குருவானவருக்குச் சேர்ந்தது. தானியம், உலர்புல் முதலான பெருந்தசமபாகத்தைப் பெற்றவர் 'ரெக்டர்' எனப்பட்டார். இடைக்காலத்தில் மடங்கள் பல ஆலயங்களைக் கைக்கொண்டு பெருந்தசமபாகத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, தமக்குப் பதிலாளாக அமர்த்தியவருக்குச் சிறுதசமபாகத்தை மட்டும் விட்டபோது, பதிலாள் என்று பொருள்படும் 'விக்கர்' என்னும் பெயர் வந்தது. இவற்றோடு 'க்ளீப்' எனப்பட்ட கோயில் மானிய நிலமும் உண்டு. அதைக் குருவானவர் தாமே உழுதார் அல்லது குத்தகைக்கு விட்டார். மழை பொய்த்தால் குடியானவரோடு அவரும் இழந்தார். இந்த ஏற்பாட்டில் தசமபாகத் தகராறுகளும் மனக்கசப்புகளும் நிறைய இருந்தன. ஆயினும் குருவானவரின் உணவு அவர் அடக்கம் செய்யும் மக்களின் வயலிலிருந்தே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குருவானவர் என்றென்றைக்கும் வாழ்ந்துவந்தார் என்றும், இப்போதுதான் அந்தப் பொற்காலம் சிதைந்துபோயிற்று என்றும் எண்ணுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒருவரே பல பங்குகளின் வருவாயை வைத்துக்கொள்வதை 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் தடைசெய்தது. தடைசெய்ய வேண்டியிருந்தது என்பதே அந்த வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின்னும் அது தொடர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு குருவானவர் இரண்டு மூன்று ஊர்களின் தசமபாகத்தைப் பெற்றுக்கொண்டு நகரத்தில் வாழ்வதும், 'க்யூரட்' என்னும் உதவிக் குருவைச் சொற்பக் கூலிக்கு அமர்த்தி ஞாயிறு வழிபாட்டை நடத்தவைப்பதும் யாரையும் வியப்பில் ஆழ்த்தாத செய்திகள். வாரத்தில் ஒருநாள் மட்டும் குதிரையில் வந்து ஜெபம் வாசித்துவிட்டுத் திரும்பும் குருமாரையே தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த ஊர்கள் அன்று இருந்தன.

இந்த வழக்கத்தின் சிக்கலை முழுமையாகக் காட்டுவது ஹாம்ப்ஷயரிலுள்ள செல்போர்ன் என்னும் ஊரும் அங்கே 1720இல் பிறந்த கில்பர்ட் ஒயிட்டின் வாழ்க்கையுமாகும். அவருடைய பாட்டனார் அவ்வூரின் விக்கர். ஒயிட் ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியைச் சேர்ந்தவர். செல்போர்னுக்குக் குருவானவரைப் பரிந்துரைக்கும் உரிமையோ மாட்லின் கல்லூரியிடம் இருந்தது. அக்கல்லூரி தன்னைச் சார்ந்தவர்களுக்கே அப்பதவியை அளித்துவந்ததால், தாம் நேசித்த ஊரின் விக்கராக அவர் கடைசிவரை ஆக முடியவில்லை. உதவிக் குருவாகவே அவர் அங்கே ஊழியம் செய்தார். ஓரியலின் வழியாக அவருக்குக் கிடைத்த பதவி நார்தாம்ப்டன்ஷயரிலுள்ள மோர்ட்டன் பிங்க்னி என்னும் வேறோர் ஊருடையது. அவர் அங்கே வாழவே இல்லை, வருவாய் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே மனிதர் ஓர் ஊருக்கு வராத குரு. இன்னோர் ஊருக்கு, பதவி இல்லாமலே, ஒவ்வொரு மரத்தையும் பறவையையும் கிழவியையும் அறிந்த குரு. செல்போர்னின் இயற்கை வரலாற்றை அவர் 1789இல் நூலாக வெளியிட்டபோது, ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த கண்ணுக்கு மட்டுமே புலப்படக்கூடிய செய்திகள் அதில் நிறைந்திருந்தன. சட்டம் அவரை எங்கே குருவானவர் என்று எழுதியிருந்தது என்பதும், மக்களுக்கு அவர் எங்கே குருவானவராக இருந்தார் என்பதும் வேறு வேறு.

இதற்கு நேர்மாறான திசையிலிருந்து அதே உண்மையை அடைந்தவர் சிட்னி ஸ்மித். லண்டனில் புகழ்பெற்ற பேச்சாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய அவருக்கு 1806இல் யார்க்‌ஷயரிலுள்ள ஃபாஸ்டன் என்னும் சிற்றூரின் பதவி கிடைத்தது. அங்கே சுமார் 150 ஆண்டுகளாகக் குருவானவர் எவரும் குடியிருந்ததில்லை என்று சொல்லப்படுகிறது. ஸ்மித்தும் முதலில் தொலைவிலிருந்தே பதவியை வைத்திருந்தார். குருமார் தம் பங்கில் குடியிருக்க வேண்டும் என்ற சட்டத்தை யார்க் நகரத் தலைமைப் பேராயர் வலியுறுத்தியதால்தான் அவர் வடக்கே பெயர வேண்டிவந்தது. குடியிருக்கத் தக்க வீடு இல்லாததால் தாமே திட்டமிட்டு ஒன்றைக் கட்டி, 1814இல் குடும்பத்தோடு அதில் குடியேறினார். விருப்பமின்றி வந்தவர், வந்தபின் ஊராருக்கு மருந்து கொடுத்தார், ஏழைகளுக்குக் காய்கறி பயிரிடச் சிறு நிலத்துண்டுகளை ஒதுக்கினார், ஏறத்தாழ 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். இவற்றில் எதையும் அவருடைய பணி ஆணை கேட்கவில்லை. வீடு அங்கே இருந்ததும், வீட்டுக்குள் அவர் இருந்ததும்தான் இவற்றைச் சாத்தியமாக்கின.

ஊருக்கொரு குருமனை, குருமனைக்கொரு குரு என்ற நிலை பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். வறிய பங்குகளின் வருவாயை உயர்த்துவதற்கென 1704இல் ராணி ஆன் பெயரால் ஏற்படுத்தப்பட்ட நிதி மெல்ல மெல்லப் பயன் தந்திருந்தது. 1838ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர் இரண்டு பங்குகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும், அவற்றுக்கிடையே பத்து மைலுக்கு மேல் தொலைவு இருக்கலாகாது என்றும் விதித்தது. 1850இல் அந்தத் தொலைவு மூன்று மைலாகக் குறுக்கப்பட்டது. இன்று ஆங்கிலக் கிராமத்தின் அழியா அடையாளமாகக் கருதப்படும் அகன்ற குருமனைகள் பலவும் இந்தக் காலத்தில் எழுந்தவையோ விரிவாக்கப்பட்டவையோ ஆகும். நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட ஒரு காலப்பகுதியில் கைகூடிய அரிய சாதனை அது; எல்லாக் காலத்துக்கும் பொதுவான அளவுகோலாக அதைக் கொண்டதால்தான் பின்வந்த குருமார் பலர் தம் இயலாமையை எண்ணிக் குமைய நேர்ந்தது. அந்த அளவுகோலின் உருவமாக வழிவழியாகக் காட்டப்படுபவர் கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட். சாலிஸ்பரிக்கு அருகே பெமர்ட்டனில் 1630 முதல் 1633இல் இறக்கும்வரை அவர் ரெக்டராக இருந்தார்; கிராமக் குருவானவர் எவ்வாறு வாழ வேண்டும் என்று அவர் எழுதிய உரைநடை நூல் 1652இல் வெளியாயிற்று. அவர் அங்கே இருந்தது மூன்றாண்டுகூட நிறையாத காலம்; அவருடைய பொறுப்பில் பெமர்ட்டன், ஃபகிள்ஸ்டன் என்று இரண்டு ஆலயங்கள் இருந்தன; உதவிக்கு க்யூரட்டும் இருந்தார். இலட்சியக் குருவானவருக்கும் இரண்டு ஆலயங்கள் என்னும் செய்தி, இன்று ஆறு ஆலயங்களுக்கிடையே கார் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஓரளவேனும் ஆறுதல் தரத்தக்கது.

அந்தச் சாதனையைத் தாங்கிநின்ற பொருளாதாரம் இருபதாம் நூற்றாண்டில் கட்டம் கட்டமாக மறைந்தது. பொருளாகப் பெறப்பட்ட தசமபாகம் 1836இலேயே பணமாக மாற்றப்பட்டிருந்தது. 1936ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பணத்தையும் ஒழித்தது. ராணி ஆனின் நிதி 1948இல் வேறொரு பழைய அமைப்போடு இணைந்து திருச்சபை ஆணையம் ஆயிற்று. 1978இல் மானிய நிலங்கள் அனைத்தும் பங்குக் குருமாரிடமிருந்து, பேராயரின் ஆட்சிப் பகுதியான திருமண்டலத்தின் நிதிக் குழுக்களுக்கு மாறின. இந்த மாற்றங்களில் நியாயம் இருந்தது. செல்வமுள்ள ஊரின் குரு வளமாக வாழ, வறிய ஊரின் குரு கடனில் சாகும் பழைய அநீதி இவற்றால் பெருமளவு நீங்கியது. ஆனால் அந்த நியாயத்தோடு, நிலத்துக்கும் குருவானவரின் உணவுக்கும் இருந்த தொடர்பும் அறுந்தது. இப்போது ஒவ்வொரு பங்கும் திருமண்டலத்துக்கு ஆண்டுதோறும் பங்குத்தொகை செலுத்துகிறது. சம்பளங்களின் பெரும்பகுதி அந்தத் தொகையிலிருந்தே வருகிறது. முந்நூறு பேர் வாழும், ஞாயிறன்று பதினைந்து பேர் கூடும் ஓர் ஊர் தனக்கென ஒரு முழுநேரக் குருவானவரின் செலவைத் தாங்க முடியாது என்பதைச் சொல்லத் தணிக்கையாளர் தேவையில்லை. எனவே பங்குகள் தொகுக்கப்பட்டன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, சில மாவட்டங்களில் அதற்கும் மேலாயின. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சட்டத்தில் இருந்த, ஒவ்வொரு பங்கு ஆலயத்திலும் ஞாயிறுதோறும் வழிபாடு நடக்க வேண்டும் என்ற விதியைத் திருச்சபையின் பொதுப்பேரவை 2019இல் தளர்த்தியது. நடைமுறையில் அது முன்பே தளர்ந்திருந்தது.

இந்தப் பின்னணியில் ஓர் ஊர் தன் குருவானவரைத் தேடும் முறையைக் கவனிக்க வேண்டும். குருவானவர் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ செல்லும் நாளிலிருந்து புதியவர் வரும் நாள்வரை உள்ள இடைவெளி வெற்றிடக் காலம் எனப்படுகிறது. அது சில மாதங்களில் முடிவதும் உண்டு, ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. குருவானவரைப் பரிந்துரைக்கும் உரிமை உடையவர் 'பேட்ரன்' எனப்படுவார். அரசரோ, பேராயரோ, ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கல்லூரியோ, உள்ளூர் நிலக்கிழார் குடும்பமோ அந்த இடத்தில் இருக்கலாம். முற்காலத்தில் இந்த உரிமை நிலபுலன்போல் விற்கவும் வாங்கவும் பட்டது. 1986ஆம் ஆண்டின் சட்டம் அந்த விற்பனையை முற்றாக நிறுத்தியதோடு, ஊராருக்கும் ஓர் உரிமையைத் தந்தது. பங்குக் குழு கூடி, ஊரின் நிலைமை, தேவைகள், மரபுகள் ஆகியவற்றை விவரிக்கும் ஓர் அறிக்கையைத் தயாரிக்கிறது; குழு தேர்ந்தெடுக்கும் இரண்டு பொதுநிலைப் பிரதிநிதிகளின் ஒப்புதல் இல்லாமல் பேட்ரன் யாருக்கும் பதவியை அளித்துவிட முடியாது. ஆனால் பங்குகளை மறுசீரமைக்கும் எண்ணம் இருந்தால், இந்த உரிமைகளைப் பேராயர் ஐந்தாண்டுவரை நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்போது வருபவர் ரெக்டராகவோ விக்கராகவோ ஆவதில்லை, பொறுப்புக் குரு என்ற பெயரில் பேராயரின் உரிமம் பெற்றுப் பணிபுரிகிறார். வீட்டுக்கு ஈடான ஊழியம் பெரும்பாலும் இப்படிப்பட்ட உரிமத்தின்மீதே நிற்கிறது.

ஊர் எழுதும் அந்த அறிக்கை, ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதும் அரிய ஆவணங்களில் ஒன்று என்பதால், அதை இன்னும் மரியாதையோடு படிக்க வேண்டும். மக்கள்தொகை, பள்ளி மூடப்பட்டதா இல்லையா, பேருந்து வருகிறதா, கூரையின் ஈயத்தகடு எந்நிலையில் உள்ளது, வழிபாடு 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகப்படியா புதிய முறைப்படியா, மணிக்கூண்டில் எத்தனை மணிகள் என்றெல்லாம் அதில் எழுதப்படும். பிறகு, வரப்போகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற பகுதி வரும். அங்கேதான் வருத்தம் தோன்றுகிறது: குழந்தைகளோடு எளிதாகப் பழகுபவராக, முதியோரைச் சந்திப்பவராக, நல்ல பிரசங்கியாக, நிர்வாகம் தெரிந்தவராக, புதிய குடும்பங்களை ஈர்ப்பவராக, ஆனால் பழைய முறையை மாற்றாதவராக என்று விருப்பங்கள் அடுக்கப்பட்டபின், பணிநேரம் வாரத்தில் மூன்று நாள் என்று முடிகிறது. இதை எழுதுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று குறைசொல்வது அறியாமை. தாத்தாவை அடக்கம் செய்தவரையும், தாய்தந்தையருக்கு மணம் முடித்துவைத்தவரையும் பெயர் சொல்லி நினைவுகூரும் மக்கள், தாம் இழந்தது என்ன என்பதைக் கடமைப் பட்டியலின் மொழியில் சொல்ல முயல்கிறார்கள். அந்த மொழியில் அது அடங்குவதில்லை. தெருவில் எதிர்ப்படுபவராக, அஞ்சலகத்தில் வரிசையில் நிற்பவராக, பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய காரியம் என்று நினைத்துப் பார்த்திராத ஒன்றைப் பாதையோரத்தில் வைத்து யாரும் சொல்லக் கேட்பவராக ஒருவர் அங்கே இருந்தார். அவரையே அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வீடு முக்கியத்துவம் பெறுகிறது. பராமரிக்கப் பெரும் பணம் வேண்டியிருந்த பழைய குருமனைகள் இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. அவற்றின் வாயிலில் 'பழைய ரெக்டரி' என்ற பெயர்ப்பலகை தங்கியிருக்கிறது, குருவானவர் தங்கியில்லை. பல ஊர்களில் அதற்குப் பதிலாகக் கட்டப்பட்ட சிறிய வீடும் தொகுப்புகள் பெருத்தபோது கைமாறிப்போயிற்று. ஏதோ காரணத்தால் அப்படி விற்கப்படாமல் எஞ்சிய வீடு உள்ள ஊருக்குத்தான் இன்று சம்பளமற்ற குருவானவராவது கிடைக்கிறார். சம்பளத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வீட்டை மட்டும் மிச்சம் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு, நிதிப் பற்றாக்குறையால் பிறந்ததே. ஆனால் குருத்துவத்தின் உள்ளீடு எதுவோ அதையே அது தற்செயலாகக் காப்பாற்றியிருக்கிறது. எட்டு ஆலயங்களுக்கு முழுநேரமாக நியமிக்கப்பட்டு, ஏழு ஊர்களில் விருந்தாளியாக வந்து போகும் குருவானவரைவிட, வாரத்தில் மூன்று நாள் மட்டும் கடமைப்பட்டு ஏழு இரவும் ஊரில் உறங்கும் ஒருவர் பங்கு என்ற கருத்துக்கு நெருக்கமானவர். அவருடைய பகுதிநேரம் வேலைக்கு மட்டுமே உரியது. குடியிருப்பில் பகுதி கிடையாது.

குடியிருப்பின் இந்த வலிமைக்குப் பதவியேகூட வேண்டியதில்லை என்பதை டெர்பிஷயரிலுள்ள ஈயம் என்னும் ஊரின் கொள்ளைநோய்க் காலம் காட்டுகிறது. 1665 இலையுதிர்காலத்தில் நோய் அவ்வூருக்குள் நுழைந்தபோது ரெக்டராக இருந்தவர் வில்லியம் மாம்பெசன் என்ற இளைஞர். வந்து சிறிது காலமே ஆகியிருந்ததால் ஊராரின் நம்பிக்கை அவருக்கு இன்னும் முழுதாகக் கிட்டவில்லை. அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டான்லி, 1662ஆம் ஆண்டின் ஒருமைப்பாட்டுச் சட்டத்துக்கு இணங்க மறுத்துப் பதவியை இழந்தவர், ஆனால் ஊரை விட்டுப் போகாதவர். நோய் சுற்றுவட்டாரத்துக்குப் பரவாதிருக்க ஊரையே அடைத்துக்கொள்வது என்ற கொடிய முடிவுக்கு மக்களை இணங்கவைக்க, உரிமம் உள்ளவரும் உரிமம் பறிக்கப்பட்டவரும் ஒன்றாக நிற்க வேண்டியிருந்தது. சுமார் 260 பேர் மாண்டனர். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அவர்களுள் ஒருவர். வழிபாடு திறந்தவெளியில் நடந்தது, இறந்தவர்களை அவரவர் குடும்பத்தினரே தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள். தம்மை வெளியேற்றிய திருச்சபையின் பிரதிநிதியோடு தோள்சேர்ந்து நிற்கும்படி ஸ்டான்லியிடம் யாரும் ஆணையிட்டிருக்க முடியாது. அவர் அந்த ஊரில் குடியிருந்தார். அந்த ஊர் செத்துக்கொண்டிருந்தது.

பதவிக்கும் ஊழியத்துக்கும் சம்பளத்துக்கும் இடையிலுள்ள முடிச்சை அவிழ்த்தாக வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே வாதிட்டவர் ரோலண்ட் ஆலன். சீனாவில் மிஷனரியாக இருந்து திரும்பி, 1904 முதல் 1907 வரை பக்கிங்ஹாம்ஷயரில் சால்ஃபான்ட் செயின்ட் பீட்டர் என்ற ஊரின் விக்கராக இருந்தவர் அவர். நம்பிக்கையில் ஈடுபாடு காட்டாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் கேட்ட மாத்திரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையை ஏற்க மனம் ஒப்பாமல் பதவி துறந்தார். அதன்பின் சம்பளம் பெறும் குருப்பதவி எதையும் அவர் நாடவில்லை. 1912இல் வெளியான மிஷனரி முறைகள் பற்றிய நூலிலும், 1930இல் வெளியான தன்னார்வக் குருமாருக்கான வாதத்திலும் அவர் அழுத்திச் சொன்னது இது: திருவிருந்து ஒரு சபையின் உரிமை, வெளியிலிருந்து அனுப்பப்பட வேண்டிய, பணம் கொடுத்துப் பராமரிக்கப்பட வேண்டிய ஒருவரின் வருகையை அது சார்ந்திருக்கலாகாது, ஊரில் பிழைப்புள்ள, ஊரார் மதிக்கிற ஒருவரையே அபிஷேகம் செய்யலாம். அவர் வாழ்ந்த காலத்தில் திருச்சபை செவிசாய்க்கவில்லை. 1960இல் சதர்க் திருமண்டலத்தில், தம் தொழிலை விடாமலே மாலையிலும் வார இறுதியிலும் பயின்று குருப்பட்டம் பெறும் வகுப்பு தொடங்கியபோதுதான் அந்த எண்ணம் நிறுவன வடிவம் கண்டது. 1994இல் பெண்களுக்குக் குருப்பட்டம் திறக்கப்பட்டபின், சம்பளமற்ற ஊழியத்தில் கிராம ஆலயங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் பெண்களின் பங்கு மிகப் பெரிது. அவர்களுக்குத் திருச்சபை பட்டிருக்கும் கடன் உரிய அளவில் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆலன் கேட்ட கேள்வி தென் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷன் சங்கங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஊன்றிய சபைகளில், பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்தின் தலைமையூரில் குருவானவர் இருப்பார், முறைவைத்து ஒவ்வோர் ஊருக்கும் திருவிருந்து கொடுக்க வருவார். ஆனால் ஊரில் உபதேசியார் இருந்தார். கோயில் மணி அடித்து காலை மாலை ஜெபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பதும், நள்ளிரவில் சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பதும் அவரே. இங்கிலாந்துத் திருச்சபை தன் தாய்மண்ணில் இன்று வந்தடைந்திருக்கும் பல்லூர்த் தொகுப்பு, தான் கடல் கடந்து நிறுவிய அமைப்பையே ஒத்திருக்கிறது. உபதேசியார் என்ற அந்த ஓர் உறுப்பு மட்டும் இங்கிலாந்தில் போதிய அளவு வளரவில்லை. 1866இல் மீட்டெடுக்கப்பட்ட 'ரீடர்' என்னும் பொதுநிலை ஊழியர் பதவி பிரசங்கத்துக்கும் ஜெபத்துக்கும் உரிமம் தருகிறது. ஆனால் ஊருக்கு ஒருவர் என்று அது அமையவில்லை.

வீட்டுக்கு ஈடான ஊழியத்தை இவ்வளவு மெச்சியபின், அதனால் நேரும் இன்னல்களை மறைப்பது நேர்மையாகாது. சாவு செவ்வாய்க்கிழமையா வியாழக்கிழமையா என்று பார்த்து வருவதில்லை. கடமையில்லாத நாளில் ஜன்னலில் விளக்கெரிவதைக் கண்ட வீட்டார் கதவைத் தட்டும்போது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லக்கூடிய குருவானவர் மிகச் சிலர். மூன்று நாள் ஐந்தாகிறது, ஐந்து ஏழாகிறது. ஓய்வுக்காகச் சிற்றூரைத் தேடி வந்த எழுபதை நெருங்கும் ஒருவர், தம் முழுநேரக் காலத்தைவிட அதிகமாகக் களைத்துப்போவதும் உண்டு. பணி முடிந்தால் வீடும் போய்விடும் என்பதால், சொந்த வீடில்லாத குருமாருக்கு முதுமையில் அது பெரும் அச்சம். உழைப்புக்குக் கூலி கொடுக்க இயலாததை உழைப்பவரின் பக்தியைக்கொண்டு ஈடுசெய்யும் வழக்கம் எந்தத் திருச்சபைக்கும் அழகன்று. ஆகவே ஊர் தன் அறிக்கையை எழுதும்போது, வருகிறவர் என்னென்ன செய்ய வேண்டும் என்பதோடு, அவரிடம் என்னென்ன கேட்கப்படமாட்டாது என்பதையும், அவற்றை ஊரில் யார் யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுவது நன்று. கணக்கு, கூரை, கல்லறைத் தோட்டத்துப் புல், காப்பீடு, பழுதுபார்ப்புக்குத் திருமண்டலத்திடம் பெற வேண்டிய அனுமதி ஆகியவை குருப்பட்டம் வேண்டாத வேலைகள். வெற்றிடக் காலத்தில் அவற்றைச் சுமப்பவர்கள் கோயில் காப்பாளர்களே. பக்கத்து ஊர்களின் ஓய்வுபெற்ற குருமாரைத் தொலைபேசியில் அழைத்து ஞாயிறுகளை நிரப்புபவர்களும், யாரும் கிடைக்காத ஞாயிறன்று தாமே ஜெபப் புத்தகத்தைத் திறந்து காலை ஜெபத்தை நடத்துபவர்களும் அவர்களே. தாங்கள் செய்துகொண்டிருப்பதும் ஆன்மாக்களைப் பேணும் பொறுப்பின் ஒரு பகுதிதான் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

புதியவர் பதவியேற்கும் மாலையில் பேராயர் உரிமத்தை வாசித்து அளிப்பார். முழு உரிமையோடு நியமிக்கப்படும் ரெக்டரையோ விக்கரையோ, ஆர்ச்டீக்கன் என்னும் மூத்த குரு கைபிடித்து அழைத்துச்சென்று ஆலயக் கதவின்மேல் அவர் கையை வைப்பதும், ஆலயம் தம் வசமானதை அறிவிக்க அவர் மணியடிப்பதும் பழைய சடங்கு. பொறுப்புக் குருவுக்குச் சட்டப்படி இது தேவையில்லை. ஆயினும் அவருக்கும் மணிக்கயிற்றைக் கொடுக்கும் ஊர்கள் உண்டு. எத்தனை முறை அடிக்கிறாரோ அத்தனை ஆண்டுகள் தங்குவார் என்று ஒரு வழக்கு இருப்பதால், உள்ளே இருப்பவர்கள் மட்டுமல்லாமல், ஆலயத்துக்கு வராமல் தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருப்பவர்களும் அன்று மாலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் அந்தக் கயிற்றை இழுக்கும்போது, பக்கத்தில் நிற்கும் கோயில் காப்பாளரும் எண்ணுவார். பிறகு கயிற்றை வாங்கி, வெற்றிடக் காலம் முழுவதும் ஞாயிறுதோறும் கட்டிய அதே கொக்கியில் கட்டுவார்.